ஏரியில் ஆமையை விட்டால் புண்ணியம் சேராது

கடந்த வாரமும் ஒரு குடும்பத்தினர் வாளியில் ஆமையைத் தூக்கிக்கொண்டு என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தனர். அவர்கள் கேட்டது சிகிச்சை அல்ல, எந்த ஏரியில் விடலாம் என்ற யோசனை. வண்ணமீன் கடையில் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சைக் குஞ்சாக வாங்கிய சிவப்புக் காது ஆமை, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து தொட்டியில் திரும்ப இடமின்றித் தவிக்கிறது. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்ற ஊரில் இன்று வாஸ்துவுக்காக ஆமை வாங்குகிறார்கள். அலுத்ததும் கோயில் குளத்தைத் தேடுகிறார்கள்.

ஏரியும் தண்ணீர்தானே என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இனம். தொட்டியிலேயே நலிந்துபோன ஆமையை ஏரியில் விட்டால் அது சாகும். நலமாக இருப்பதை விட்டாலோ, தவளை முட்டை, தலைப்பிரட்டை, நத்தை, மீன்குஞ்சு, நீர்ச்செடி என்று அகப்பட்டதையெல்லாம் தின்று கொழுக்கும். நம் பாலாமையும் காரை ஆமையும் வாழும் நீர்நிலையில் இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடும். கூடவே தொட்டியின் நோய்க்கிருமிகளையும் கொண்டு சேர்க்கும். இரண்டில் எது நடந்தாலும் புண்ணியம் எங்கிருந்து வரும்? உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது.

சிகிச்சைக்கு வருபவற்றின் நிலையும் பரிதாபமே. காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளர்ந்ததால் வைட்டமின் ஏ குறைந்து, இமைகள் வீங்கிக் கண் மூடியிருக்கும். வெயிலும் கால்சியமும் கிடைக்காததால் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும்.

ஆகவே, வாங்காதீர்கள். குழந்தை அழுதாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிருக்குப் பொறுப்பேற்றிருப்பதை உணர்ந்து, பெரிய தொட்டியும், ஏறி வெயில் காயத் திட்டும், கீரையும் கொடுங்கள். ஆமைத் தொட்டியைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவாதீர்கள். ஆமையைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குப் பரவியதால்தான் அமெரிக்காவே 1975-இல் 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. கடைக்காரர் மறைவாக நட்சத்திர ஆமையைக் காட்டினால், இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சிவப்புக் காது ஆமையை இனி வளர்க்கவே இயலாது என்றால், பொறுப்பாக வளர்க்கக்கூடியவரிடம் ஒப்படையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை, தயவுசெய்து, அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.