சாம்பிராணி போட்டால் தேனீ போய்விடுமா?

போன மாதம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஓர் அழைப்பு. "அண்ணே, துணி காயப்போடுற மூங்கில்ல தேனீ கொத்தாத் தொங்குது. அம்மா சாம்பிராணி போட்டாங்க. இப்ப பாதி வீட்டுக்குள்ள வந்துடுச்சு."

நான் போனபோது அந்த அம்மா தூபக்காலும் கையுமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. தேனீப் பெட்டியைத் திறக்கும் நாங்களே புகைப்பானோடுதான் போகிறோம். அதைப் பார்க்கிறவர்கள் புகை தேனீயை விரட்டும் என்றுதான் நினைப்பார்கள்.

புகையின் வேலை விரட்டுவது அல்ல. ஒரு தேனீ கொட்டினால் ஐசோபென்டைல் அசிடேட் என்ற பொருள் வெளியாகும். பழுத்த வாழைப்பழ வாசம். மற்ற தேனீக்களுக்கு அது "இங்கே வா, கொட்டு" என்ற அழைப்பு. (பீசாங் கோரெங், அதாவது பொரித்த வாழைப்பழம், தின்ற கையோடு பெட்டிப் பக்கம் வராதீர்கள் என்று பழக வருபவர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள்.) புகை பட்டதும் தேனீயின் உணர்கொம்பு சற்று மந்தமாகி, அந்த வாசத்தைச் சரியாகப் பிடிக்காது. பத்து, இருபது நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இன்னொன்றும் நடக்கும். புகை பட்டதும் பல தேனீக்கள் அடைக்குள் தலையை விட்டுத் தேனை வயிறு நிறையக் குடிக்கும். தீ வந்தால் கூட்டை விட்டுப் போவதற்கான ஆயத்தம் என்பார்கள்.

இப்போது மூங்கிலில் தொங்கிய கொத்துக்கு வருவோம். அது பழைய கூட்டிலிருந்து பிரிந்து, புது இடம் தேடிக் கிளம்பிய கூட்டம். கிளம்பும்போதே தேனைக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கும். காப்பாற்ற அடையும் இல்லை, புழுவும் இல்லை. அதனால் தானாகவே சாதுவாக இருக்கும். அதற்குப் புகை எதற்கு? தணலில் இருந்து சூடாக எழும் புகை அதைக் கலைத்து வீட்டுக்குள் தள்ளத்தான் செய்யும். விட்டுவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும்.

பெட்டியைத் திறக்கும்போதுகூடப் புகை விஷயத்தில் நான் கஞ்சன்தான். காய்ந்த தேங்காய் நார்தான் எரிபொருள். இந்த ஊர் ஈரத்தில் நமத்துப்போகாமல் இருக்க மைலோ டின்னில் அடைத்து வைப்பேன். எண்ணெய் பட்ட சாக்கு, நைலான் கலந்த துணி கூடவே கூடாது. புகை வெண்மையாக, புறங்கையில் ஊதினால் சுடாமல் இருக்க வேண்டும். பெட்டி வாசலில் இரண்டு ஊது, ஒரு நிமிடம் பொறுமை, அப்புறம் மூடியைத் திறப்பேன்.

ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. பயத்தில் ஒரு பெட்டிக்குள் புகையாக அடித்துத் தள்ளினேன். அடை கட்டும் மரச்சட்டங்களில் ஒரு தேனீ நிற்கவில்லை. எல்லாம் மூலையில் குவிந்தன. ராணியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. இங்கே நாம் வளர்க்கும் அடுக்குத் தேனீ அப்படித்தான். தொல்லை அதிகமானால் கூட்டையே விட்டுப் போய்விடும். ஐரோப்பியத் தேனீயை வைத்து எடுத்த காணொளியைப் பார்த்து அதே அளவு புகையை இதற்கும் போடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். கொசுத் தேனீக்குப் புகையே வேண்டாம், அதற்குக் கொட்டத் தெரியாது.

அடை கட்டி நிலைத்துவிட்ட கூடு என்றால் விஷயம் வேறு. கொசுவர்த்தி, காகிதப் பந்தம், பூச்சிமருந்து எதையும் தொடாதீர்கள். பொது இடமென்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள். கொல்லாமல் இடம் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். கொட்டுப்பட்டவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995.

ஈசூன் வீட்டில் விளக்குகளை அணைத்து, சன்னலை முழுதாகத் திறந்துவைத்தோம். உள்ளே வந்தவை வெளிச்சத்தைப் பார்த்து வெளியேறின. மறுநாள் மதியம் மகளிடமிருந்து செய்தி: கொத்து போய்விட்டதாம். காய்ந்த சட்டைகளில்தான் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லையாம்.