தோய்ச்சல்

கோவைப் பக்கத்து ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் குவென்ச்சிங்குக்கும் (சூடேற்றிய உலோகத்தைச் சட்டென்று குளிர்விப்பது) ஹார்டனிங்குக்கும் (கடினமாக்குவது) யாரும் பெரிதாக வேறுபாடு பார்ப்பதில்லை. ‘ஹார்டனிங் போட்டாச்சுங்களா?’ என்றால், பல்சக்கரத்தைச் சூடேற்றி எண்ணெயில் முக்கியாச்சா என்றுதான் பொருள். எஃகோடு மட்டும் புழங்குகிறவருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தில் குவென்ச்சிங்கைக் ‘கடினமாக்கல்’ என்று எழுதிவிட்டால், டைட்டானியத்துக்கு வரும்போது அந்தச் சொல் காலை வாரிவிடும்.

‘குவென்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் தீயை அவிப்பது. அதை ஒட்டித் ‘தணித்தல்’ என்போரும் உண்டு, தாகத்துக்குச் சரி. உலோகத்துக்கு நம்மிடம் ‘தோய்ச்சல்’ இருக்கிறது. தோய்தல் என்றால் நனைதல், முழுகுதல்; காய்ச்சிய இரும்பை நீரில் முக்குவது தோய்த்தல். செயலும் பழசுதான். ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புண் நீரினும் மீட்டற்கு அரிது’ என்கிறது புறநானூற்றின் 21ஆம் பாட்டு. இரும்பு குடித்த நீர் திரும்புமா?

அருவாளுக்குத் தோய்ச்சல் வைக்கும் ஆசாரி வாய்ப்பக்கத்தை மட்டும் நீரில் விட்டு எடுப்பார். முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு ஓடிவரும். கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து நிறத்தைப் பார்ப்பார். வைக்கோல் மஞ்சள் ஏறியதும் முழுதாக முக்கிவிடுவார். முதல் முக்கல் கடினத்தைத் தரும், பின்னால் ஓடிவந்த சூடு வாய் நொறுங்காமல் காக்கும். கடினத்துக்குக் காரணம் கார்பன். சட்டென்று குளிரும்போது வெளியேற நேரமின்றி இரும்பணுக்களின் இடுக்கில் சிக்கி, படிகத்தையே கோணலாக்கிவிடுகிறது. இந்த அமைப்புதான் மார்ட்டன்சைட். ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயர். ஆள் பெயரைத் தமிழாக்கி என்ன செய்வது, அப்படியே இருக்கட்டும்.

டைட்டானியத்தில் கதை வேறு. 882 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் படிகம் அறுகோண ஆல்ஃபா. மேலே கனசதுர பீட்டா. அலுமினியமும் ஆக்சிஜனும் அந்த எல்லையை உயர்த்தும். வனேடியம், மாலிப்டினம், நையோபியம், இரும்பு ஆகியவை தாழ்த்தும். 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்ததற்கு எல்லை ஏறக்குறைய 995 டிகிரி.

பீட்டா நிலையிலிருந்து நீரில் தோய்த்தால் என்ன வரும் என்பதைக் கலப்புத் தனிமத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது. வனேடியம் போல எல்லையைத் தாழ்த்தி பீட்டாவைத் தாங்கும் தனிமம் குறைவாக இருந்தால் ஊசி ஊசியாக ஆல்ஃபா பிரைம் வரும். இதுவும் மார்ட்டன்சைட்தான், ஆனால் வனேடியம் போன்றவை இடுக்கில் சிக்காமல் டைட்டானிய அணுவின் இடத்திலேயே உட்காருவதால், எஃகில் காணும் அந்தக் கடினம் வராது. மாலிப்டினத்தையோ நையோபியத்தையோ கூட்டினால் வேறொரு மார்ட்டன்சைட் வரும். அது இன்னும் மென்மை. மாலிப்டினம் 10 விழுக்காட்டை எட்டினால் பீட்டா மாறாமலே அறைவெப்பத்துக்கு வந்துவிடும். கூடவே ஒமேகா என்ற நுண்துகள்களும் தோன்றலாம். அவை மிகுந்தால் உலோகம் நொறுங்கும்.

ஆக ஒரே முக்கலில் ஊசி, மென்மை, மாறாத பீட்டா என்று எதுவும் வரலாம். வலிமை பெரும்பாலும் அடுத்த கட்டத்தில் ஏறுகிறது: தோய்த்ததை 500 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்தால் உள்ளே நுண்ணிய ஆல்ஃபா படியும். அந்த ஏஜிங்குக்கு ‘முதிர்த்தல்’ பொருந்தும். வேலைச்சீட்டில் ‘நீரில் தோய்ச்சல், பிறகு முதிர்த்தல்’ என்று எழுதலாம். கடினமாக்கல் என்ற சொல்லை எஃகுச் சீட்டுக்கு விட்டுவிடலாம்.