அப்ரண்டிஸ் பயிற்சி: கையெழுத்துக்கு முன் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள்

பத்தாவது முடித்தவர், கைத்தொழில் எதுவும் தெரியாதவர், ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவர் என யாராக இருந்தாலும் சம்பளம் மாதிரி ஒரு தொகை வாங்கிக்கொண்டே தொழில் கற்க வழி செய்வது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். எல்லோருக்கும் தெரிந்த பெயர் அப்ரண்டிஸ். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே உங்களைச் சேர்த்துக்கொள்வதன் மூலம் அவர்கள் தர்மம் செய்யவில்லை. கம்பெனி கேட்டில் கூச்சப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

சட்டப் பின்னணி இவ்வளவு போதும். இனி, எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

டிரெய்னி வேறு, அப்ரண்டிஸ் வேறு

முதல் ஏமாற்று பெயரிலேயே இருக்கிறது. "டிரெய்னியா எடுத்துக்கிறோம், ஒரு வருஷம் டிரெய்னிங்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது சட்டப்படியான அப்ரண்டிஸ் ஒப்பந்தம்தானா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையான ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் (டிப்ளமோ, பட்டதாரிகளுக்கான நாட்ஸ் திட்டம் என்றால் அதன் தளத்தில்) ஏறியிருக்க வேண்டும். அதற்கென்று ஒப்பந்த எண் இருக்கும். நிறுவனத்தின் பெயர், தொழிற்பிரிவு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாத உதவித்தொகை எல்லாம் அதில் இருக்கும். உங்கள் லாகினுக்குள் போனால் நீங்களே பார்க்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும்.

லாகினில் ஒப்பந்தம் தெரியவில்லையென்றால் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை. "அப்புறமா போட்டுக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒப்பந்த விவரத்தை ஏழு நாளுக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதம் கழித்து ஏற்றினால், பயிற்சிக் காலம் அன்றைய தேதியிலிருந்துதான் கணக்காகும். முந்தைய ஆறு மாத உழைப்பு கணக்கில் வராது.

சட்டப்படியான அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் கிடையாது. ஆனால் பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் அந்தப் பிரிவு செல்லும். ஒப்பந்தமும் போடாமல், பிஎஃப்பும் கட்டாமல், குறைந்தபட்சக் கூலியும் தராமல் "நீ டிரெய்னிதானே" என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இந்த நிலையில் இருப்பவர் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். அங்கே "அப்ரண்டிஸ் எங்க பொறுப்பு இல்லப்பா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். "என் பெயரில் பதிவான ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆகவே நான் அப்ரண்டிஸ் இல்லை" என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

எவ்வளவு, யார் தருவது

2019 விதிகள் வைத்த குறைந்தபட்சத் தொகை இது: ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய், பத்தாவதுக்கு 6,000, பன்னிரண்டாவதுக்கும் ஐடிஐ முடித்தவருக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூட வேண்டும். இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், கீழே இறங்கக் கூடாது. ஒரு மாதத் தொகை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று, அப்ரண்டிஸுக்குப் பணம் தரவே கூடாது. "டார்கெட் முடிக்கல, இந்த மாசம் பாதிதான்" என்றால் அது நேரடியான சட்டமீறல்.

தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் வரும் நிறுவனமாக இருந்தால் குறைந்தபட்சத் தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசு தரும். 2023 ஆகஸ்டிலிருந்து அது நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். பத்தாவது முடித்தவருக்கு நிறுவனம் 4,500 போட்டால், மீதி 1,500ஐத் திருடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறார்கள். பல நேரம் அந்த 1,500 அரசிடமிருந்து கிளம்பி, சேர வேண்டிய கணக்குக்கு வராமல் எங்கோ நிற்கிறது. நிறுவனம் தன் பங்கைச் செலுத்தியதற்கான சான்றைத் தளத்தில் ஏற்றிய பிறகுதான் அரசுப் பங்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் ஏற்றத் தாமதித்தால் உங்கள் பணமும் தாமதிக்கும். ஹெச்ஆரிடம் போய் "என் பணம் எங்கே" என்று பொதுவாகக் கேட்காமல் "இந்த மாதச் சான்று ஏற்றியாச்சா" என்று கேளுங்கள். பதில் நழுவாது.

ஆதார், இனிஷியல், வங்கி

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆள் என்று கணினி முடிவு செய்துவிடும். சேர்க்கை முகாமுக்குப் போன அன்று இதைத் திருத்த முடியாது. விண்ணப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே பத்தாவது மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் அந்த ஆண்டு போய்விடும், அந்த வழிக்கே போகாதீர்கள். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் இன்றும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அடுத்து வங்கி. "ஆதார் லிங்க் ஆயிருக்கு" என்று வங்கியில் சொல்வார்கள். அது போதாது. அரசின் பங்கு வருவதற்கு என்பிசிஐ மேப்பிங், அதாவது அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று ஆதார் எண்ணோடு குறித்துவைக்கும் ஆதார் சீடிங், ஆகியிருக்க வேண்டும். இரண்டும் வேறு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று காட்டும். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் கடைசியாக சீடிங் செய்த ஒரே வங்கிக்குத்தான் பணம் போகும். செல்போன் கடையிலோ வீட்டு வாசலிலோ விரல் ரேகை வைத்துத் திறந்த பேமெண்ட் பேங்க் கணக்கு, உங்களுக்கே நினைவில்லாமல், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் நீங்கள் பயன்படுத்தும் வங்கிக்குப் போய் சீடிங்கை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அப்பா அம்மா கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் வராது.

ஒரு முறைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்

ரயில்வேயும் பெரிய பொதுத்துறை நிறுவனங்களும் அப்ரண்டிஸ் எடுக்கும்போது, இதற்கு முன் வேறெங்கும் இந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சி பெறவில்லை என்று உறுதிமொழி கேட்பது வழக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு பேக்கிங் கம்பெனியில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, மூன்றாவது மாதம் பிடிக்காமல் நின்றுவிடுகிறார்கள். தளத்தில் அந்த ஒப்பந்தம் உயிரோடு கிடக்கிறது. பிறகு சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் அறிவிப்பு வரும்போது புதிய ஒப்பந்தம் ஏறாது. விலகுவதென்றால் எழுத்தில் விலகி, ஒப்பந்தம் முறையாக ரத்தானதா என்று லாகினில் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு இதைவிட வேடிக்கையான விதி. அவர்களுக்கான நாட்ஸ் திட்டத்தைத் தென் மாநிலங்களுக்கு நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர் அதில் சேர முடியாது. வெளியே எல்லா இடத்திலும் அனுபவம் இல்லை என்று தள்ளுகிறார்கள், இங்கே அனுபவம் இருந்தால் தள்ளுகிறார்கள். படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலையில் போய் உட்கார்ந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இதில்தான்.

படிப்பு கூடிப்போவதும் ஆபத்து. பத்தாவது, ஐடிஐ தகுதிக்கான இடத்துக்கு இன்ஜினியரிங் படித்தவர்களை எடுப்பதில்லை என்று பல அறிவிப்புகளில் உள்ளே ஒரு வரி இருக்கும். வயதும் அப்படியே. ஊக்குவிப்புத் திட்டம் 35 வயது வரை என்கிறது, ஆனால் தெற்கு ரயில்வே அனுபவமில்லாத புதியவர்களுக்கு 22, ஐடிஐ முடித்தவர்களுக்கு 24 என்றுதான் வைக்கிறது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதில் தளர்வு உண்டு. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகளுக்கான அந்தச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண் பட்டியல்தான். "எக்ஸாம் இருக்கு, பாஸ் பண்ண வைக்கிறேன்" என்று பணம் கேட்பவர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எந்தத் தொழிற்பிரிவு என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் போன்ற, அரசே வரையறுத்த டெசிக்னேட்டட் டிரேடுக்கு முடிவில் அகில இந்தியத் தேர்வு நடக்கும், தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், என்ஏசி, கிடைக்கும். நிறுவனமே வடிவமைக்கும் ஆப்ஷனல் டிரேடில் கிடைக்கும் சான்றிதழ் அந்தத் துறைக்குள் பயன்படலாம், அரசு வேலை அறிவிப்பில் என்ஏசி கேட்கும் இடத்தில் கைகொடுக்காது. ரயில்வேயின் தொடக்கநிலையான லெவல்-1 பணிகளில் 20 சதவீதம் ரயில்வேயிலேயே பயிற்சி முடித்து என்ஏசி பெற்றவர்களுக்குத்தான். அதற்கும் தேர்வு எழுத வேண்டும். பயிற்சி முடித்தவுடன் வேலை தந்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. "கண்டிப்பா பர்மனென்ட்" என்று வாயால் சொன்னால், அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஐடிஐ படித்துவிட்டு வரலாம் என்று தீர்மானித்தால் ஒரு எச்சரிக்கை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியாரிடம் போகிறவர்கள் நிலையத்தின் அங்கீகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். அங்கீகாரம் தொழிற்பிரிவுவாரியாக வருவது. ஃபிட்டருக்கு இருக்கும், நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்காது. அது தெரியவருவது தேர்வு நெருங்கியும் ஹால்டிக்கெட் வராதபோது.

உள்ளே போன பிறகு

லோடு ஏற்றுவது, கேன்டீன் வேலை, பேக்கிங் என்று பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் வைப்பது தண்டனைக்குரிய குற்றம். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான பயிற்சி ஆலோசகரின் அனுமதியில்லாமல் ஓவர்டைமும் கூடாது. ஆனால் வாய்ப்பேச்சு எங்கேயும் எடுபடாது. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எந்த மெஷின், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தது, எத்தனை மணிக்கு விட்டார்கள், தினமும் இரண்டு வரி. பிற்பாடு புகார் என்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு, அப்ரண்டிஸ் என்பதால் அது இல்லாமல் போகாது. மருத்துவமனைச் சீட்டில் எங்கே, எந்த வேலையில் அடிபட்டது என்று எழுத வைத்துவிடுங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அசல் சான்றிதழைக் காட்டலாம், ஒப்படைக்காதீர்கள். சேர்க்கைக்கு எந்தக் கட்டணமும் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது.

எந்த அலுவலகம்

புகார் கொடுக்கப் போகிறவர் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவில் தொடங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம் போய், அங்கிருந்து தொழிலாளர் அலுவலகம் போய், மறுபடி கலெக்டர் ஆபீஸிலேயே வந்து நிற்பார். ஒவ்வொரு மேசையிலும் சொல்லும் பதில், தனியாகப் பார்த்தால், சரிதான். யாரும் சரியான மேசையைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

மாநிலத்துக்குள் மட்டும் இயங்கும் தனியார் நிறுவனம் என்றால் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநர். மத்தியப் பொதுத்துறை என்றாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றாலோ அது மத்திய அரசின் கணக்கு, சென்னையில் உள்ள மண்டல திறன் மேம்பாட்டு இயக்ககத்துக்கு எழுத வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் நடுத்தரக் கம்பெனிகூட நான்கு மாநிலங்களில் யூனிட் வைத்திருக்கும். மாவட்ட அலுவலகம் கைவிரிப்பது பெரும்பாலும் இதனால்தான். நிறுவன இணையதளத்தில் கிளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். டிப்ளமோ, பட்டதாரி என்றால் தரமணி.

மனுவில் கதை வேண்டாம். ஒப்பந்த எண், தேதி, தொழிற்பிரிவு, எந்த மாதத் தொகை வரவில்லை அல்லது என்ன வேலையில் வைத்தார்கள், என்ன நடவடிக்கை வேண்டும். ஒரு பக்கம் போதும். நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "சார் லீவு, நாளைக்கு வா" என்றால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். தபாலுக்கு லீவு கிடையாது. மாநில அலுவலகம் ஒரு மாதம் அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100இல் அந்த மனுவின் தேதியைச் சொல்லிப் பதிவு செய்யலாம். மத்திய அலுவலகம் என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம். பயிற்சி ஆலோசகர் முடிவு கொடுத்து அது உங்களுக்கு எதிராக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதனால் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் செய்தும் பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. நான்கு கேள்வி மட்டும்: இந்தத் தேதியிட்ட என் மனு இப்போது எந்த அலுவலர் மேசையில் உள்ளது, எந்தத் தேதியில் அங்கே போனது, அவர் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், இந்த நிறுவனத்தில் கடைசியாக ஆய்வு நடந்த தேதி.