‘அளவா குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லது’: மரபணு சொல்லும் சாட்சி

கடலூர் ஆல்பேட்டையைத் தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் போனால் மது விலை குறைவு. இது ஊரறிந்த விஷயம். அதே அளவு பரவிய இன்னொரு பேச்சும் உண்டு: “தினம் ஒரு பெக் அளவா சாப்பிட்டா ஹார்ட்டுக்கு நல்லதுங்க.”

இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அறவே குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் நெடுங்காலம் காட்டிவந்தன. சிக்கல், யாரைக் ‘குடிக்காதவர்’ என்று எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. சர்க்கரை ஏறி, கல்லீரல் கெட்டு, டாக்டர் கண்டித்த பிறகு விட்டவரும் சில ஆய்வுகளில் அந்தப் பட்டியலில்தான் வருவார். நோய் வந்ததால் குடி நின்றது. கணக்கிலோ, குடிக்காததால் நோய் வந்ததுபோல் தெரியும். அளவாகக் குடிப்பவர்கள் பல இடங்களில் வருமானமும் படிப்பும் கூடியவர்களாகவும் இருக்கிறார்கள்.

மருந்தைச் சோதிப்பதுபோல் பாதிப்பேரை இருபது வருடம் குடிக்கச் சொல்லிப் பார்க்க முடியாது. ஆனால் அப்படியொரு பிரிப்பை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. தாயிடமும் தகப்பனிடமும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். அதில் எது பிள்ளைக்கு வரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. சம்பளமோ டாக்டர் சொன்ன புத்திமதியோ அதை மாற்றாது. இதை வைத்துக் காரணத்தைத் தேடும் முறைக்கு மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்று பெயர்.

உடலுக்குள் போகும் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாகிறது. ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி அதை அகற்றுகிறது. கிழக்காசியர்கள் பலருக்கு இந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு மாற்றம் உண்டு. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால் அவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள்.

சீனாவில் 5 லட்சம் பேரைச் சுமார் 10 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான கணக்கில், அளவான குடி பக்கவாதத்தைத் தடுப்பதுபோலவே தெரிந்தது. சுமார் 1.6 லட்சம் பேரின் மரபணுவை வைத்துப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. ஆண்களிடம் குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடின. மாரடைப்பில் மட்டும் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பெண்கள் பற்றியது. ஒருவேளை அந்த மரபணுவே வேறு வழியில் பக்கவாதத்தைப் பாதித்தால்? அந்தச் சீனப் பெண்களில் குடிப்பவர்கள் மிகக் குறைவு. அதே மரபணு மாற்றம் அவர்களிடமும் உண்டு. ஆனால் பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, ஆண்களிடம் வேலை செய்தது மதுதான்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘நல்ல கொழுப்பு’ என்று பார்க்கிறோமே, அந்த எச்.டி.எல். கதையும் இப்படித்தான். அது கூடினால் மாரடைப்பு குறையும் என்று நம்பினோம். அதைக் கூட்டும் மரபணு மாற்றம் ஒன்று இருந்தும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் தெரிந்தது.

சீனாவில் கைகொடுத்த மரபணு மாற்றம் தமிழர்களிடம் மிக அரிது. இங்கே அதை அளவுகோலாக்க முடியாது. நம்மிடம் பரவலாக உள்ள மாற்றங்களைத் தேட வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் மரபணு மட்டும் போதாது. அதே ஆட்கள் என்ன குடித்தார்கள், எந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று லட்சக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நம் ரத்தத்திலிருந்தே பதில் கிடைக்கும்.