ஃபேன் என்றால் விசிறியா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டில் ஒரு காதல் நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். காதலி பிறந்தநாளும் தன் அணியின் ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் ஆட்டத்துக்கே ஓடுகிற ஒருவனின் கதை. திரையின் அடியில் மலாய் வரி ஃபேனைப் ‘பெமினாட்’ என்றது. “மாமா, ஃபேனுக்குத் தமிழ் விசிறிதானே?” என்றாள் அக்கா மகள்.

இல்லை. காற்று வீசும் ஃபேனின் மூலம் முறத்துக்கான லத்தீன் சொல். ஆட்டம் பார்க்கும் ஃபேன் வேறு. அது ‘ஃபெனட்டிக்’கின் சுருக்கம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் பரவியது. இதன் வேர் ‘ஃபானும்’, அதாவது கோயில். ‘ஃபானாட்டிக்குஸ்’ என்றால் சாமி வந்து ஆடுகிறவன். தைப்பூசத்தன்று பத்துமலையில் மருள் வந்தவர் என்று வழிவிடுகிறோமே, அவரேதான்.

பந்தாட்டப் பைத்தியத்தை மலாய்க்காரர்கள் ‘காக்கி போலா’ என்பார்கள், நாமும் சொல்கிறோம். காக்கிச் சட்டை இல்லை. காக்கி என்றால் கால், போலா என்றால் பந்து. தூண்டில் பிடிப்பவர் ‘காக்கி பஞ்சிங்’.

அப்புறம் ரசிகர். ரசம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது; தனித்தமிழ் வேண்டுவோர் சுவைஞர் என்பர். ஆனால் ரசிகர் ரசித்துவிட்டு நேரத்தோடு தூங்கப் போய்விடுவார். விடியற்காலை 3 மணிக்கு ‘மாமாக்’ எனும் இந்திய முஸ்லிம் உணவுக்கடைத் திரைக்கு முன், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது போதாது.

என் ஓட்டு வெறியருக்கு. சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்பது முருகன் ஏறிய பூசாரி வேலன் ஆடும் ஆட்டம். லத்தீன்காரன் சொன்ன அதே கோயில், அதே ஆவேசம். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் நடுவில் காதல்தான். பெண் காதலால் மெலிவாள். தாய் முருகன் பிடித்துவிட்டான் என்று வேலனை அழைப்பாள். உண்மை தெரிந்த தோழி சிரிப்பாள். நற்றிணை 34ஆம் பாட்டில் ஒருத்தி, அழைத்ததும் வந்துவிட்ட முருகனையே, ‘கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான்’ என்கிறாள்!

சாதிவெறி, மதவெறி என்று சொல் இன்று கறுத்துப்போனது உண்மை. ஃபெனட்டிக்குக்கும் அதே கதிதான். ‘பந்து வெறியர்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதைச் சொல்லி முடிக்கும்போது அத்தான் அன்றிரவு ஆட்டத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “வேலனைக் கூப்பிடட்டுமா?”