ரத்தத்துக்குக் காத்திருக்கும் கிருமி

"தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். ஆனாலும் ஈறு வீங்கி ரத்தம் வருகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சுலபமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் இடுக்கிலும் ஈறு விளிம்புக்கு அடியிலும் பிரஷ் சரியாகப் போகாது. அங்கே தங்கும் கிருமிப் படலம் நாளடைவில் காரையாக இறுகிவிட்டால், பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயந்து பலர் போவதில்லை. பல்லைத் தாங்கும் எலும்பு அதற்கு முன்பே கரைந்திருக்கும். காரை போனதும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். படலத்துக்கு எவ்வளவு வேகம் என்பதை டென்மார்க்கில் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் 1965-ல் காட்டினார்கள். பல் தேய்ப்பதை நிறுத்திய ஆரோக்கியமான இளைஞர்கள் எல்லோருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறில் அழற்சி வந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஈறுக்கு அடியில், காற்று அதிகம் எட்டாத பள்ளத்தில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது வளர 'ஹீம்' தேவை. ஹீமோகுளோபினுக்குள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் மூலக்கூறு அது. பெரும்பாலான உயிர்கள் ஹீமைத் தாங்களே செய்துகொள்ளும். இந்தக் கிருமியால் முடியாது. நம் உடலோ இரும்பைப் புரதங்களுக்குள் பூட்டியே வைத்திருக்கிறது. ஆக, ரத்தம் கசிந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

கசியும்வரை அது சும்மா இருப்பதில்லை. ஜிஞ்சிபெயின் என்ற நொதிகளை வெளியே விடுகிறது. அவை ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் பிராடிகைனின் என்ற பொருளைத் தூண்டிவிடுகின்றன, அதனால்தான் வீக்கம். ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனையும் அவையே வெட்டுகின்றன. கடைசியில் ஹீமோகுளோபினையும் நறுக்கி ஹீமை எடுத்துக் கொடுக்கின்றன. குழாயை ஓட்டையாக்கி, அடைப்பதையும் தடுத்து, வந்ததைச் சாப்பிடுவது வரை எல்லாம் ஒரே நொதிக் குடும்பத்தின் வேலை! இந்தக் கிருமியை ஆய்வகத்தில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் ஹீமைச் சேர்த்துச் சேர்த்து அதன் கூட்டங்கள் கறுத்துப்போகும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுகிறோமே, அது இதற்கு விருந்து வைப்பதுதான்.

ஜிஞ்சிபெயினைத் தடுக்கும் மருந்து ஒன்று பெரிய மனித ஆய்வு வரை போனது. ஈறு நோய்க்காக என்று நினைத்துவிடாதீர்கள், இந்தக் கிருமிக்கும் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட அல்சைமர் மறதி நோய்க்காக. 2021-ல் வந்த முடிவு ஏமாற்றம். வெறும் ஈறு என்றால் பணம் போட ஆள் வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, இடுக்குகளையும் ஒழுங்காகச் சுத்தம் செய்கிறீர்கள், காரையும் இல்லை என்றால்? மாத்திரைகளைப் பாருங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்லோஸ்போரின் எல்லாம் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவை ரத்தப்போக்கைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கலாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் சிறிய அழுக்குக்கே ஈறு பெரிதாக வீங்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் காரணமாகலாம். வைட்டமின் சி மிகக் குறைந்தால் ஈறுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ளாமல் ஈறு நொய்ந்துபோகும். அரிதாக, ரத்தப் புற்றுநோய் முதலில் ஈறில் தலைகாட்டுவதுண்டு. ஈறு வீக்கத்தோடு காய்ச்சல், அசதி, காரணமில்லாமல் தோலில் ரத்தம் கன்றிய தடங்கள் இருந்தால் உடனே மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கு நேர் எதிராக நடக்கும். உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். புகையை விட்ட சில வாரங்களில் கசிவு கூடினால் பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம். புகை மறைத்து வைத்திருந்த அழற்சிதான் அது.