தைகோ முழக்கமும் காதின் நலமும்

கலிபோர்னியாவில் கோடை தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் வரை, ஏதேனும் ஓர் ஊரின் ஜப்பானியப் பௌத்தக் கோயிலில் ஒபோன் விழா நடந்துகொண்டே இருக்கும். முன்னோரை நினைந்து கொண்டாடப்படும் இவ்விழாவின் மையம் போன் ஒடோரி எனும் கூட்டு நடனம். நடுவில் யாகுரா எனப்படும் உயர்ந்த மேடையும் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆடுவோரும், நடனத்துக்கு முன்னும் இடையிலும் தைகோ எனும் பெருமுரசுகளின் முழக்கமுமாகத் தெருவே அதிரும். சான் ஹோசேயின் ஜப்பான்டவுனில் ஐந்தாம் தெருவை அடைத்து ஜூலை மாதம் நடக்கும் விழாவுக்குச் சன்னிவேல், கூபர்டினோ, ஃப்ரீமான்ட் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் செல்வதுண்டு. சிலர் வீட்டுப் பிள்ளைகள் தைகோ வகுப்புகளிலும் சேர்ந்திருக்கிறார்கள். இவ்வட்டாரத்தில் செவித்திறன் நிபுணராகப் பணிபுரியும் என்னிடம், இவ்வளவு சத்தத்துக்குக் குழந்தையைக் கூட்டிச் செல்லலாமா என்று பெற்றோர் கேட்பது வழக்கம். தாராளமாகச் செல்லலாம். அவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவைக் குறித்தல்ல. வாரந்தோறும் மூடிய கதவுகளுக்குள் நடக்கும் பயிற்சியைக் குறித்தே.

அதற்குள் செல்லுமுன், இந்த முழக்கம் இம்மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் பின்வரும் யோசனைகள் குறை சொல்வதாகத் தோன்றும். பல அளவு முரசுகளை ஒரே குழுவாக நிறுத்தி வாசிக்கும் முறை ஜப்பானிலேயே பழமையானதன்று. ஜாஸ் டிரம்ஸ் வாசித்துவந்த தாய்ஹாச்சி ஒகுச்சி 1951இல் சுவா பகுதியில் தொடங்கி வைத்தது. 1968இல் செய்இச்சி தனகா அதைச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸின் சென்ஷின் பௌத்தக் கோயிலில் கின்னாரா குழுவும், 1973இல் சான் ஹோசே தைகோவும் உருவாயின. முரசு வாங்க வசதியில்லாத அந்த இளைஞர்கள், பயன்படுத்திக் கழித்த ஒயின் பீப்பாய்களை வாங்கி மாட்டுத்தோல் போர்த்தித் தாங்களே முரசு செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தைகோவின் தனி அடையாளமாக அந்தப் பீப்பாய் முரசு இன்றும் நீடிக்கிறது.

அவர்களில் பலர் ஜப்பானியக் குடியேறிகளின் மூன்றாம் தலைமுறையான சான்செய். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்க அதிபர் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் வீடு, கடை, நிலம் அனைத்தையும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். முள்வேலிக்குள்ளும் அவர்கள் போன் ஒடோரி ஆடினார்கள். ஆனால் விடுதலையாகி வந்த பின்னர் பெரும்பாலான பெற்றோர் முகாம் வாழ்வைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாய் திறக்கவில்லை. கலிபோர்னியாவில் 40க்கும் மேலாக இருந்த ஜப்பான்டவுன்களில் இன்று எஞ்சியவை மூன்றுதான். சான் ஹோசே அவற்றுள் ஒன்று. அந்த மௌனத்தின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் கையிலெடுத்த கருவி தைகோ என்பதால், அதன் உரத்த ஓசை அவர்களுக்கு வெறும் ஓசையாக இருந்ததில்லை. ஆகவே முரசின் சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் எந்தக் குழுவிடமும் சொல்வதில்லை. காதுக்குள் புகும் சத்தம் குறைந்தால் போதும். அதற்கு வழி இருக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு மற்றும் நல ஆய்வு நிறுவனமான நையாஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 88 டெசிபலில் 4 மணி நேரம், 94இல் ஒரு மணி நேரம், 100இல் வெறும் 15 நிமிடம். தைகோ பயிற்சி அறையில் எல்லோரும் சேர்ந்து அடிக்கும்போது அளவுகருவி 100ஐத் தாண்டுவது சாதாரணம். இரண்டு மணி நேர வகுப்பில் விளக்கமும் ஓய்வும் போக, முழு முழக்கம் அரை மணி நேரமே என்று வைத்துக்கொண்டாலும், அன்றைய வரம்பைப் போல இரு மடங்கு ஆகிவிடுகிறது. வகுப்பு மேல் வகுப்பாக ஒரே மாலையில் எடுக்கும் ஆசிரியரின் கணக்கு இதைவிட மோசம். காதுக்குப் பாதுகாப்பு தேடி வருவோரில் ஆசிரியர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஓதைகோ எனும் ஆளுயர முரசைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அதன் ஆழ்ந்த ஓசை நெஞ்செலும்பில் வந்து மோதுவதால் அதுவே காதைக் கெடுக்கும் என்று தோன்றுவது இயல்பு. நம் காதோ ஆழ்ந்த ஓசையைக் கீச்சொலியைவிட நன்றாகத் தாங்கக்கூடியது. அஞ்ச வேண்டியவை சிறியவை: தோலை இறுக்கிக் கட்டிய ஷிமே முரசின் வெடிப்போசை, நாகாடோ முரசின் மர விளிம்பில் பாச்சிக் கோலால் தட்டும் 'க' என்ற அடி, எல்லாவற்றுக்கும் மேலாக, கையகல வெண்கலத் தாளமான அதாரிகனே, சுருக்கமாகக் கனே. குழு முழுவதையும் ஒரே கதியில் நிறுத்துவது கனேயின் வேலையாதலால், எல்லா முரசுகளையும் ஊடுருவிக் கேட்கும்படியாகவே அதன் ஓசை அமைந்திருக்கிறது. அந்தக் கூர்மையே காதுக்கு ஆபத்து.

பல ஆண்டுகளாக ஒரு குழுவில் வாசித்துவரும் நடுவயதுப் பெண்மணி ஒருவரின் ஆடியோகிராம், அதாவது செவித்திறன் வரைபடம், இதற்கு நல்ல சான்று. வலக்காதின் கோடு ஏறக்குறைய நேராகச் சென்றது. இடக்காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில் செங்குத்தாக இறங்கி, 8000இல் மீண்டும் மேலேறியது. இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து என்று இந்தப் பள்ளத்தைச் சொல்லலாம். ஆனால் இரு காதுகளுக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருந்தால், செவி நரம்பில் கட்டி இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்பதால், அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்தோம். அதில் குறையேதும் இல்லை என்றான பிறகு, வரிசையில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று கேட்டேன். எப்போதும் கனே வாசிப்பவருக்கு வலப்பக்கம் என்றார். இடக்காதுக்கு ஒரு முழத் தொலைவில் ஆண்டுக்கணக்காக அந்தத் தாளம் ஒலித்திருக்கிறது. வரிசையில் இடத்தை மாதந்தோறும் மாற்றிக்கொள்வது செலவில்லாத முன்னெச்சரிக்கை. அதைப் பல குழுக்கள் செய்வதில்லை.

காதின் உள்ளே நடப்பது இது. காக்ளியா எனும் நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. பேரோசை அவற்றைச் சாய்த்துவிடுகிறது. அளவோடு இருந்தால் மீண்டும் நிமிர்கின்றன, அளவு மீறினால் மடிகின்றன. மனிதக் காதில் மடிந்த செல் மறுபடி முளைப்பதில்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது பஞ்சு வைத்து அடைத்தது போலிருப்பதும், படுக்கையில் 'ஙொய்' என்ற இரைச்சல் கேட்பதும், விடிந்ததும் இரண்டும் மறைந்துவிடுவதும் வாசிப்போர் எல்லோருக்கும் பழக்கமான அனுபவம். காலையில் சரியாகிவிட்டதே என்ற நிம்மதிதான் பலரை ஏமாற்றுகிறது. கேட்கும் திறன் முழுதும் மீண்ட பிறகும், மயிரிழைச் செல்லை நரம்போடு இணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்திருந்ததை 2009இல் எலிகளிடம் செய்த ஆய்வு காட்டியது. மனிதரில் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. இருப்பினும், காலையில் தெளிந்துவிடும் அடைப்பை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளும்படி நான் சொல்கிறேன். குறை வெளிப்படும் விதமும் தந்திரமானது. பேசுவது காதில் விழுகிறது, சொல்தான் பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வரும்போது, பெரும்பாலும் அந்த 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் ஆழமாகியிருக்கும்.

காதடைப்பான் அணியுங்கள் என்றால் தைகோ கலைஞர்கள் முதலில் மறுப்பார்கள். அவர்கள் மறுப்பில் நியாயமும் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் உயர் ஓசைகளை அதிகமாகவும் ஆழ்ந்த ஓசைகளைக் குறைவாகவும் வெட்டுவதால், எல்லாம் போர்வைக்கு அடியிலிருந்து வருவது போல் ஒலிக்கும். இதற்கென்றே இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் இருக்கின்றன. எல்லா ஓசைகளையும் ஏறத்தாழச் சம அளவில் குறைப்பதால் கனே கனேயாகவே கேட்கும், சத்தம் மட்டும் தள்ளிப்போகும். 15 டெசிபல் குறைக்கும் ஒன்றை அணிந்தால், 100 டெசிபல் அறை காதுக்கு 85 டெசிபல் ஆகிவிடும்; 15 நிமிட வரம்பு 8 மணி நேரமாக விரியும். பொது அளவில் செய்தவை 20, 30 டாலருக்குக் கிடைக்கும். காதின் அச்செடுத்துச் செய்பவை அதைப் போல் பல மடங்கு விலையாகும் என்றாலும், வாரந்தோறும் வாசிப்பவருக்கு அந்தச் செலவு தகும்.

மற்றொரு மறுப்பு, கியாய் எனும் உரத்த குரல் கொடுக்கும்போது தன் குரல் மண்டைக்குள்ளேயே முழங்குகிறது என்பது. அடைப்பான் காதுத் துவாரத்தின் வாயிலோடு நின்றுவிட்டால் அப்படித்தான் இருக்கும். ஆழமாகச் சென்று பொருந்தினால் பெருமளவு குறையும். நுரை அடைப்பானாக இருந்தால், அதை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அதன் முனை மட்டுமே தெரிய வேண்டும். அட்டையில் 30 டெசிபல் என்று போட்டிருந்தாலும், அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடத் தேறாது. ஒற்றைக் காதில் மட்டும் அணிவோரையும் பார்க்கிறேன். மற்றக் காதுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அறையின் அமைப்பும் கணக்கில் சேரும். கோயிலின் சமூகக்கூடத்திலோ உடற்பயிற்சிக்கூடத்திலோ நடக்கும் வகுப்புகளில், அக்கம்பக்கத்தார் முறையிடுவார்கள் என்று கதவு, சன்னல்களை அடைத்துவிடுகிறார்கள். அண்டை வீட்டாருக்குக் கிடைக்கும் அமைதியின் விலையை உள்ளே இருக்கும் பிள்ளைகளின் காதுகள் கொடுக்கின்றன. கனமான திரைகளும், தரையில் விரிக்கும் மெத்தைகளும் எதிரொலியை ஓரளவு உறிஞ்சும். அதைவிடச் சிறந்த வழி தைகோ மரபிலேயே இருக்கிறது. தொடக்கநிலை மாணவர்களுக்குப் பழைய கார் டயரின் மேல் பார்சல் ஒட்டும் நாடாவை இழுத்துச் சுற்றி அடிக்கக் கொடுப்பது இங்குள்ள குழுக்களின் வழக்கம். பணம் போதாமல் பிறந்த இந்த ஏற்பாடு காதுக்குப் பெரும் நன்மை: நிற்கும் நிலையும் கைவீச்சும் டயரிலேயே படிந்துவிடும், சத்தமோ முரசினுடையதில் சிறு பங்குதான். அதேபோல், 'தொன் தொகோ' என்று சொற்கட்டை வாயால் சொல்லி மனப்பாடம் செய்விக்கும் 'குச்சி ஷோகா' முறை (ஜப்பானிய மொழியில் 'குச்சி' என்றால் வாய்), நம் மிருதங்க வகுப்பில் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு வாசிக்க வைப்பதைப் போன்றது. முதலில் வாய், அடுத்து டயர், கடைசியில் முரசு என்று பாடத்தை அமைக்கும் ஆசிரியரின் மாணவர்களுக்கு முழு முழக்கத்தில் கழியும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

விழாவுக்குச் செல்வோருக்குச் சொல்ல அதிகமில்லை. திறந்த வெளியில், தொலைவு இரு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே கைக்குழந்தையின் தள்ளுவண்டியை முரசு வரிசைக்கு முன்னால் நிறுத்தாமல், ஷேவ் ஐஸ் கடைப் பக்கம் கொண்டுபோனாலே பாதி வேலை முடிந்துவிடும். குழந்தைகளுக்குக் காதை முழுதும் மூடும் கவசமே ஏற்றது; சிறு அடைப்பானை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. 'தன்கோ புஷி' போன்ற நடனப் பாடல்கள் பெரும்பாலும் ஒலிபெருக்கியில்தான் வருகின்றன. ஒலிபெருக்கியை ஒட்டி நின்று ஆடுவது, முரசுக்குப் பக்கத்தில் நிற்பதைவிடக் கெடுதலாக முடியலாம். கேட்புக் கருவி அணிந்த முதியவர்கள் அதை அணைத்துவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். காற்றோட்டமுள்ள சிறு முனை பொருத்திய கருவி சத்தத்தை அநேகமாக அப்படியே உள்ளே விடும்.

விழாக் குழுவினருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை பயன்படும். கேட்போர் பகுதியில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது, நிகழ்ச்சி முழுவதும் அளந்துகொண்டிருக்க வேண்டும், காதடைப்பான் எளிதில் கிடைக்க வேண்டும், சற்றுநேரம் காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒன்று வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். கோயில் வளாகத்தில் இக்கேபானா மலரலங்காரமோ தேநீர்ச் சடங்கோ நடக்கும் அறையை அந்த அமைதியான இடமாக அறிவித்துவிடலாம். தனிச் செலவே இல்லை. அளப்பதற்கு நையாஷ் நிறுவனமே ஐபோனுக்கான இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டுள்ளது. கடை நடத்தும் தன்னார்வலர் ஒருவரின் கைபேசியில் அது இருந்தால் தோராயமான அளவு கிடைத்துவிடும்.

பிள்ளையைத் தைகோ வகுப்பில் சேர்க்கும் மாதத்திலேயே ஓர் ஆடியோகிராம் எடுத்து வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதனுடன் ஒப்பிடுவது நல்லது. முதல் வரைபடம் இல்லாமல் பின்னால் வந்த மாற்றத்தை அளக்க முடியாது. மற்றபடி, ஒரு காது திடீரென்று மந்தமாகி மறுநாளும் தெளியாவிட்டால், முழக்கத்தால் வந்த அடைப்பு என்று நினைத்து அடுத்த வார வகுப்புவரை பொறுத்திருக்கக் கூடாது. திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். ஆகவே உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.